பெற்றோர் கையொப்பம்

புத்தளம்
2025.02.11

அன்புள்ள றபீக்கா மச்சிக்கு,

ஸலாம். உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் அல்லாஹ் நல்ல உடம்பைத் தந்திருப்பான் என்று நம்புகிறேன். முழங்கால் நோவு எப்படி? இந்த வருடமும் மாடி வகுப்புத்தானா, படியேற வேண்டுமா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

போன் எடுத்தால் வெட்டிவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கல்முனையில் என் பக்கத்து வீட்டுப் பஸ்மிலா சொன்னாள், ஸம்றா எட்டாம் வகுப்புக்கு ஏறிவிட்டாளாம், அவளுக்குத் தமிழ் நீங்கள்தான் எடுக்கிறீர்களாம். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மகளை ஒவ்வொரு நாளும் பார்க்கிற ஒருவர் எனக்குத் தெரிந்தவர் என்பதே பெரிய ஆறுதல்.

பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் ஒரு தாள் கொடுத்தீர்களாம், ‘எட்டாந்தரத் தமிழ் வகுப்பில் குடும்பத்தார் எதிர்பார்க்கக் கூடியவை’ என்று. பஸ்மிலா தன் மகளுடைய தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறாள். எனக்கும் ஒன்று அனுப்புவீர்களா? உங்கள் தம்பி என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறார். ஸம்றா என்ன படிக்கிறாள், என்ன எழுதுகிறாள் என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பதிலை வீட்டு விலாசத்துக்குப் போட வேண்டாம். மீராசா நானாவின் கடை விலாசம் பின்பக்கம் இருக்கிறது, அங்கே போடுங்கள். இங்கே என்னைக் கட்டியிருக்கும் இவர் கெட்டவர் இல்லை. கடிதம் வந்தால் கேள்வி கேட்பார், அவ்வளவுதான்.

துஆவுடன்,
உங்கள் மச்சி சிபானா


கல்முனை
2025.02.27

சிபானாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் நலம். முழங்காலும் நலம், மாடி வகுப்புத்தான். நீயும் நலமாகத்தான் இருப்பாய். நலமாக இருக்கத்தானே பிள்ளையை விட்டுவிட்டுப் புத்தளம் போனாய்!

முதலில் ஒரு திருத்தம். ‘மச்சி’ என்று என்னை எழுத வேண்டியவள் என் தம்பியின் மனைவி. அது விவாகரத்துக்குக் காதியார் கையெழுத்து வைத்த அன்றோடு முடிந்துபோனது. இனி ‘டீச்சர்’ என்று எழுது. ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், உனக்கும் வாய் வலிக்காது.

தாள் கேட்டாய். அச்சடித்த பிரதிகள் முடிந்துவிட்டன, சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளை தினமும் வீட்டில் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்க வேண்டும், வீட்டார் ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். வருடம் முடியும்போது பாடசாலை மதிலுக்கு வெளியே நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பாள், அது என் உத்தரவாதம். வாரம் ஒரு கட்டுரை, சொந்த வசனத்தில். பெரியவர்கள் எழுதிக் கொடுத்தால் முதல் வரியிலேயே பிடித்துவிடுவேன். எழுதிய ஒவ்வொன்றுக்கும் கீழே பெற்றோர் கையொப்பம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருத்த மாட்டேன். இரண்டாம் தவணையில் தாய்மாரிடம் ஊர்க் கவி கேட்டு எழுதி வர வேண்டும், உறவினருக்குக் கடிதம் எழுதவும் பழக்குவேன். மூன்றாம் தவணையில் அலுவலகக் கடிதம். சிவப்பு மையை நான் சிக்கனம் பண்ணுவதில்லை. பிள்ளை அழுதுகொண்டு வந்தால் என்னிடம் நியாயம் கேட்டு வர வேண்டாம்.

மற்றக் குடும்பங்களுக்குப் போன தாளின் கடைசியில் ‘உங்கள் பிள்ளை, எங்கள் பொறுப்பு’ என்று ஒரு வரி உண்டு. உனக்கு அதை எழுதவில்லை.

நோன்பை நல்லபடி பிடி.

றபீக்கா டீச்சர்


புத்தளம்
2025.03.10

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

ஸலாம். நோன்பு எல்லோருக்கும் இலேசாகப் போகும் என்று நினைக்கிறேன். இங்கே உப்பளத்து வெயிலில் பகல் முடிவதாகவே இல்லை. மற்றபடி நலம்.

நீங்கள் எழுதியதைப் பல தடவை வாசித்தேன். ஸம்றா சின்னதில் வாசிக்கும்போது நான் கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டிருப்பேன். ஒரு சொல்லை விழுங்கினால், ‘அந்த இடத்த திரும்ப வாசி மகள்’ என்பேன். ‘உங்களுக்கு எப்பிடிம்மா தெரியும், நீங்க புத்தகத்தப் பாக்கல்லியே’ என்று கேட்பாள். இப்போது யார் பக்கத்தில் இருந்து கேட்கிறார்கள்? உங்கள் தம்பிக்கு அவ்வளவு நேரம் கிடைக்குமா?

வரும்போது அவளுடைய ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் தெரியாமல் என் பையோடு வந்துவிட்டது. அதைத்தான் இங்கே வாசிக்கிறேன். ஓரமெல்லாம் பூப்பூவாய்க் கீறி வைத்திருக்கிறாள்.

உங்களிடம் இரண்டு கேட்கிறேன். அவள் எழுதிய கட்டுரை ஒன்றை, பழையதாக இருந்தாலும் போதும், அனுப்புங்கள். கையொப்பம் வைத்து அடுத்த தபாலிலேயே திருப்பிவிடுவேன். நானும் பெற்றவள்தானே. மற்றது, உறவுக் கடிதம் பழக்குவீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பாடம் வரும்போது அவளை எனக்கு எழுதச் சொல்லுங்கள். ஏசி எழுதினாலும் பரவாயில்லை, நாலு வரி போதும்.

துஆவுடன்,
சிபானா


கல்முனை
2025.05.04

சிபானாவுக்கு,

ஸலாம். பெருநாள் நன்றாகப் போனது, வீடு நிறைய ஆள். உனக்கும் நன்றாகப் போயிருக்கும். வேலை கூடியதால் உன் கடிதத்துக்கு இப்போதுதான் கை வந்தது.

ஏழாம் வகுப்புப் புத்தகம் அரசாங்கத்தின் சொத்து. அடுத்து வரும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது. உடனே அனுப்பிவை. ஓரத்துப் பூக்களை அழிறப்பரால் அழித்துவிட்டு அனுப்பு.

கட்டுரைக் கொப்பிகளை வெளியூருக்கு அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. போன கிழமை ‘எங்கள் வீட்டு அதிகாலை’ என்று தலைப்புக் கொடுத்தேன். ஸம்றா நன்றாக எழுதியிருந்தாள். சுபஹு பாங்கு, மீன்காரரின் ஹோன் சத்தம், தேங்காய் துருவுகிற சத்தம் எல்லாம் இருந்தன. உன் பெயர் இல்லை. ‘ஏன் புள்ள, உம்மாவப் பத்தி ஒரு வரியும் காணல்லியே?’ என்று கேட்டேன். ‘ஊட்டுல இல்லாத ஆள எப்பிடி மாமி எழுதுற?’ என்றாள். உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லிக் கொடுத்தவள் நான்தானே? முழுப் புள்ளியும் போட்டேன்.

வாசிப்பை யார் கேட்கிறார்கள் என்று கவலைப்பட்டிருந்தாய். றிஸ்னா கேட்கிறாள். ஒரு நாளும் தவறுவதில்லை. கையொப்பமும் வடிவாக வைக்கிறாள்.

இந்த மாதம் ஊர்க் கவி. தாய்மார் பாடியதை எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.

றபீக்கா டீச்சர்


புத்தளம்
2025.05.13

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம்தானே? வலக்கையில் சின்ன அடி, கதவு பட்டது. எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

றிஸ்னா யார்? உங்கள் பக்கத்துச் சொந்தத்தில் அந்தப் பெயரில் யாரையும் எனக்குத் தெரியாது. வீட்டில் உதவிக்கு வைத்த பிள்ளையா?

புத்தகத்தை இத்தோடு அனுப்புகிறேன். பூக்களை அழிக்க மனம் வரவில்லை. நீங்களே அழித்துவிடுங்கள்.

கவிப் பாடத்துக்கு ஸம்றா யாரிடம் கேட்பாள் என்று யோசித்தேன். அவளைத் தொட்டிலில் போட்டு நான் பாடியதை வேறு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஊரில் எல்லோரும் பாடுகிறதுதான், நடுவில் கொஞ்சம் நானாகக் கட்டியது. அவள் பெயர் வரும். வாப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு முழிக்க வேண்டாம் என்று ஓர் அடி வரும். அந்த அடிக்கு எப்போதும் சிரிப்பாள். அதைக் கண்டால் நான் அனுப்பியது என்று அவளுக்குத் தெரியும். நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கொடுத்தால் மட்டும் போதும்.

துஆவுடன்,
சிபானா


கல்முனை
2025.06.22

சிபானாவுக்கு,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சி இன்னும் முடியவில்லை, அந்தளவுக்கு நலம். கை ஆறியிருக்கும். புத்தளத்துக் கதவுகள் கெட்டியானவை போலும்.

றிஸ்னா உதவிக்கு வைத்த பிள்ளை அல்ல. தம்பி பஸாலின் மனைவி. நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ் நடந்தது. அட்டாளைச்சேனைப் பிள்ளை, அடக்கமானவள். ‘புத்தளத்துக்கும் சொல்லவா?’ என்று பஸாலிடம் கேட்டேன். ‘அவக்கி என்னத்துக்கு?’ என்றான்.

கவித் தாள் கிடைத்தது. ஸம்றாவிடம் கொடுக்கவில்லை, காரணம் இருக்கிறது. அவள் முதல் நாளே றிஸ்னாவிடம் கேட்டு ஒரு கவி எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். நல்ல கவி வீணாகக் கூடாதே என்று உன்னுடையதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தேன். உம்மா மௌத்தான பிள்ளை, கேட்க ஆளில்லாமல் இருந்தாள். ஸம்றாவின் பெயர் வருகிற இடத்தில் அந்தப் பிள்ளையின் பெயரைப் போட்டோம், ஓசை கெடவே இல்லை. வகுப்பில் முதலாம் இடம் அதற்குத்தான். மோட்டார் சைக்கிள் அடிக்கு எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். ஸம்றா மட்டும் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்று கேட்டாள். பாட நேரத்தில் வெளியே விடுவதில்லை, அது அவளுக்கும் தெரியும்.

உறவுக் கடிதமும் எழுதி முடித்தாயிற்று. யாருக்கு எழுதுவது என்று அவள் வெகுநேரம் பேனையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசியில் ‘அன்புள்ள மாமிக்கு’ என்று எனக்கே எழுதினாள். அழகான கடிதம், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

றபீக்கா டீச்சர்


கல்முனை
2025.07.13

அன்புள்ள சிபானா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் பதிலைக் காணவில்லையே, உடம்புக்கு முடியவில்லையா? கை எப்படி? எண்ணெய் போட்டுத் தேய்த்தாயா? அன்றைக்கு நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். விடைத்தாள் திருத்துகிற காலத்தில் எனக்கு நாக்கும் சிவப்பு மை ஆகிவிடும், உனக்குத் தெரியாததா!

ஒரு குடும்ப விடயம். நீ போன பிறகு ஸம்றாவைப் பார்த்துக்கொள்ளப் பஸால் உன் வீட்டுக்கு வந்து குடியிருந்தான். அதை யாரும் குறை சொல்லவில்லை. இப்போது றிஸ்னாவும் அங்கேதான். நம் ஊர்ச் சங்கதி உனக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் அங்கே வருவான். ஒருத்தியின் சீதன வீட்டில் இன்னொருத்தி குடும்பம் நடத்துகிறாள் என்று பள்ளி வாசல்வரைக்கும் கதை போகிறது. றிஸ்னா கிணற்றடிக்குப் போகவே வெட்கப்படுகிறாள்.

எப்படியும் அந்த வீடு ஸம்றாவுக்குத்தானே? இப்போதே அவள் பெயரில் எழுதிவிட்டால் என்ன? வயது வரும்வரை வாப்பா பாதுகாவலன். தாய் வீடு மகளுக்கு என்றால் ஒருவர் வாயும் திறக்காது. பிள்ளையின் மனமும் உன் பக்கம் இளகும். அடுத்த தவணையில் கடிதப் பாடம் இருக்கிறது. அவள் உனக்கு எழுதுவாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கையொப்பம் வைக்க வருகிற அன்று அவளை நானே கூட்டிக்கொண்டு வருவேன்.

யோசித்து எழுது. சாப்பாட்டில் கவனம்.

உன் மச்சி,
றபீக்கா


புத்தளம்
2025.07.29

அன்புள்ள மச்சிக்கு,

ஸலாம். எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். றிஸ்னாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

‘மச்சி’ என்று கையெழுத்து வைத்திருந்தீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே கடை வாசலில் நின்றேன். மீராசா நானா, ‘என்ன தங்கச்சி, நல்ல செய்தியா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நான் ஒன்றும் விளங்காத மோடு இல்லை மச்சி. எதற்காக அந்தச் சொல் திரும்பி வந்தது என்று விளங்குகிறது. இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். இங்கே பெண்தான் புருஷனின் வீட்டுக்குப் போக வேண்டும். இவர் வாசலைக் காட்டினால் எனக்கு நிற்க இடமில்லை. வாப்பாவும் உம்மாவும் போய்விட்டார்கள். கல்முனையில் ஒரு வீடு என் பெயரில் இருக்கிறது என்கிற நினைப்பில்தான் சில நாட்கள் கழிகின்றன. கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

ஆனாலும் எழுதித் தருகிறேன். வருகிறேன் என்றுவிட்டு வராத உம்மா, கூட்டிப்போகிறேன் என்றுவிட்டுக் கூட்டிப்போகாத உம்மா என்றுதான் அவள் என்னை நினைத்திருப்பாள். இவர் முதலில் பிள்ளையை அழைக்கலாம் என்றார், பிறகு மறுத்துவிட்டார். நான் அதை நம்பி வந்தது பெரிய பிழை. வீட்டையாவது தந்தேன் என்று இருக்கட்டும். எனக்கு வேண்டியது அவள் கையால் ஒரு கடிதம், அன்றைக்கு அவள் முகம்.

நாளைச் சொல்லுங்கள். உறவுக்காரரின் கலியாணம் என்று சொல்லிவிட்டு வருவேன்.

உங்கள் மச்சி,
சிபானா


கல்முனை
2025.08.31

அன்புள்ள சிபானா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் பார்த்துப் பஸாலின் கண்ணே கலங்கிவிட்டது. எல்லோரும் நலம்.

செப்டெம்பர் 18, வியாழக்கிழமை காலை பத்து மணி, வீடு எழுதுவது நொத்தாரிசு இராசதுரையின் கந்தோரில். அடையாள அட்டையையும் வீட்டின் பழைய உறுதிப் பத்திரத்தையும் மறக்காதே. ஸம்றாவுக்கு என்ன கொண்டுவருவது என்று யோசித்து மினக்கெடாதே, நீ வந்தாலே போதும்.

உன் மச்சி,
றபீக்கா


புத்தளம்
2025.09.23

அன்புள்ள மச்சிக்கு,

ஸலாம். சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்களும் சுகம்தானே?

அன்று கந்தோரில் உங்கள் தம்பி மட்டும் இருந்தார். இராசதுரை ஐயா நல்ல மனிதர். உறுதியை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, ‘தங்கச்சி, சாகுமட்டும் அந்த வீட்டுல இரிக்கிற உரிமைய உங்களுக்கு வெச்சி எழுதலாம். வெக்கட்டா?’ என்று கேட்டார். நான் உங்கள் தம்பியைப் பார்த்தேன். ‘அப்பிடி வெச்சா மகள் என்ன நினைப்பா?’ என்றார். வேண்டாம் ஐயா என்று சொல்லிவிட்டுக் கையொப்பம் வைத்தேன்.

‘ஸம்றா எங்க?’ என்று கேட்டேன். ‘இண்டைக்கு வாசிப்புச் சோதின, ராத்தா வர உடல்ல’ என்று உங்களைச் சொன்னார். உங்கள் வகுப்புச் சோதனையின் நாள் உங்களுக்குத் தெரியாமலா இருந்தது?

பாடசாலைக்கு நடந்து போனேன். வாசலில் காவலுக்கு நின்றவர், ‘பெற்றோர் அட்டை இரிக்கா?’ என்று கேட்டார். இல்லை. பக்கத்து ஒழுங்கையில், மதிலோடு ஒட்டி நின்றேன். மேலே மாடியில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசித்தார்கள். களப்பைப் பற்றிய பாடம். நீங்கள் சொன்னபடி மதிலுக்கு வெளியே தெளிவாகக் கேட்டது. ஒரு பிள்ளை நடுவில் நிறுத்திவிட்டு, கொஞ்சம் பொறுத்து அதே இடத்திலிருந்து திரும்ப வாசித்தாள்.

எது என் பிள்ளையின் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்கு இது தெரியாமல் போகுமா? பதின்மூன்று வயதில் குரல் அவ்வளவு மாறுமா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் குரல்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் நிச்சயம் இல்லை. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

சொன்னபடி அவளுடைய கடிதத்தை அனுப்பிவையுங்கள். அதில் அவளைக் கண்டுபிடித்துவிடுவேன்.

உங்கள் மச்சி,
சிபானா


கல்முனை
2025.11.02

சிபானாவுக்கு,

ஸலாம். இங்கே நலம்.

சொன்ன சொல்லை நான் காப்பாற்றுகிறவள். மூன்றாம் தவணையில் அலுவலகக் கடிதம் என்று பெப்ரவரியிலேயே எழுதியிருந்தேன். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்றேன். ஸம்றா தானாகவே உன்னைத் தெரிந்தெடுத்தாள், நான் கட்டாயப்படுத்தவில்லை. வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொன்னேன், அமைப்பு ஒழுங்காக இருந்தது. மூலப் பிரதியையே இத்தோடு வைத்திருக்கிறேன். கையொப்பம் ஏற்கெனவே வாங்கியாயிற்று, திருப்பி அனுப்பத் தேவையில்லை.

இனி நாம் எழுதிக்கொள்ள ஒன்றும் மீதியில்லை என்று நினைக்கிறேன்.

றபீக்கா டீச்சர்

*

ஸம்றா பஸால்,
தரம் 8,
கல்முனை.
2025.10.27

திருமதி சிபானா நூஹு,
புத்தளம்.

அம்மணி,

வீட்டு உறுதி கிடைத்தமை தொடர்பாக

தாங்கள் 2025.09.18 அன்று எனது பெயருக்கு எழுதித் தந்த வீட்டு உறுதி எனது தந்தையாரிடம் கிடைத்துள்ளது என்பதை இத்தால் அறியத் தருகிறேன். அதற்காக எனது நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மேற்படி தினத்தில் தாங்கள் பாடசாலை மதிலருகே நின்றதை மாடியிலிருந்து மாணவிகள் பலர் கண்டனர். அதைப் பற்றி என்னிடம் கேள்விகள் கேட்கின்றனர். எனவே இனிமேல் அவ்வாறு நிற்பதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்ப வாசித்தது நான்.

தங்களின் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஸம்றா பஸால்

(சிவப்பு மையில், மூன்றாம் பந்தியின் மேல் கோடு இழுத்து:)
விடயத்துக்கு வேண்டாத வசனம். நீக்குக. ஒரு புள்ளி குறைக்கப்பட்டது. 9/10. றபீக்கா.

பெற்றோர் கையொப்பம்: றிஸ்னா பஸால்


புத்தளம்
2025.11.09

டீச்சருக்கு,

ஸலாம். நீங்கள் எல்லோரும் நலமாக இருங்கள். இதற்குப் பதில் போட வேண்டாம். கடைக்குக் கடிதம் வருவது இவருக்குத் தெரிந்துவிட்டது. மீராசா நானாவுக்கும் என்னால் ஏச்சு விழுந்தது. நாளைக்கு எந்த விலாசத்தில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மகளின் கடிதம் கிடைத்தது. இனி மதிலடியில் நிற்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டால் யாரோ வழி தெரியாமல் நின்ற பொம்பிளை என்று சொல்லச் சொல்லுங்கள்.

நீங்கள் வெட்டிய வசனத்தை என்னால் வாசிக்க முடிந்தது. கோடு மெல்லியதாகத்தான் இருக்கிறது. அவள் நிறுத்திய இடம் எனக்கு இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. ‘அந்த இடத்த திரும்ப வாசி மகள்’ என்று சொல்ல வாயெடுத்தேன். நான் சொல்லாமலே அவள் திரும்ப வாசித்தாள்.

உங்களிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். வீட்டைக் கேட்டீர்கள், தந்துவிட்டேன். என் பிள்ளைக்குக் குறைத்த அந்த ஒரு புள்ளியைத் திருப்பிப் போடுங்கள்.

திருப்பி அனுப்பத் தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள். கடிதத்தை என்னிடமே வைத்துக்கொள்கிறேன். கையொப்பத்தை மட்டும் இந்தத் தாளில் வைக்கிறேன்.

பெற்றோர் கையொப்பம்: சிபானா